பதிலுக்கு விட்ட இடைவெளி

"இத்தாலிக்குப் பயிற்சிக்கு என்னை அனுப்புங்க சார்."

கேட்டே விட்டாள். வேலையில் சேர்ந்த அன்று காலை, வாசலில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எதையும் நீயா வாயைத் திறந்து கேக்காதம்மா. அவங்களா குடுத்தா வாங்கிக்க. கேட்டா வாய் நீளம்னு பேர் வரும். பேர் வந்துட்டா அப்புறம் எது வந்தும் பிரயோஜனம் இல்ல." அப்பா பெரிய அதிகாரிகளுக்குக் கார் ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு நாளும் எதையும் கேட்காமல் நல்ல பேரோடு ஓய்வு பெற்றார். கேட்காததால் எதுவும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டிருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். மேஜை மீது மாத்திரைப் பெட்டிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. அச்சடித்து வெட்டிய அட்டையை இழுத்து, மடித்து, ஓரத்தில் பசை தடவி, பெட்டியாகத் தட்டி வெளியே தள்ளும் பழைய மெஷின் ஒன்று இருந்தது. நல்ல நாளிலேயே அது நாலு முறை மூச்சை விடும். அதை எழுப்பி உட்கார வைப்பது பராமரிப்புப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவில் இருந்த ஒரே பெண் இவள். இவளுடைய வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆளும் இவள்தான். பழையதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு இத்தாலியிலிருந்து புது மெஷின் வரப்போகிறது, அதைச் செய்கிறவர்களிடமே போய்ச் சில மாதம் தங்கிப் பழகி வர ஒருவரை அனுப்பப்போகிறார்கள் என்று கேன்டீன்வரை பேச்சு வந்துவிட்டது.

"அட, இதைப் போய் நீ கேக்கணுமா?" என்று மேலாளர் சிரித்தார். "உன்னைத்தான் மனசுல வெச்சிருக்கேன். ஆனா ஒண்ணு. அங்க மெஷின்கிட்ட நிக்கிற ஆளுங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதாம். நீ அந்தப் பாஷையைக் கொஞ்சம் பழகிக்கோ. பழகிட்டா உன் சீட்டு உறுதி."

பிள்ளை அழாமலிருக்கக் கையில் எதையாவது திணிப்பார்களே, அப்படித்தான் அவர் கொடுத்தார். இவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். படித்து மேலே வந்த பிள்ளைகளுக்கே உள்ள வியாதி இது. யாராவது 'படி, கிடைக்கும்' என்று சொன்னால் போதும், சொன்னவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் புத்தகத்தைத் தேடிப் போவார்கள்.

இவள் தேடியது காதால் கேட்டுக் கற்கும் பாடம். செல்போனில் இறக்கிக்கொண்டாள். ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல். அவர்கள் எப்போதும் ஏதாவது ஹோட்டலிலோ ரயில் நிலையத்திலோதான் இருப்பார்கள். வேலை வெட்டி கிடையாது. காபி கேட்பார்கள், வழி கேட்பார்கள், வெயிலைப் பாராட்டுவார்கள். நடுவில் ஒரு ஆசிரியர் குரல் வந்து, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதன்பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் சேராது என்று முதல் பாடத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வாய்விட்டுச் சொல்ல இடம் வேண்டாமா? வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் அப்பா, அம்மா, இவள், பீரோ, டிவி. டிவிதான் அந்த அறையின் மூத்த பிள்ளை. அது பேசும்போது வேறு யாரும் பேசக்கூடாது. குளியலறையில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "வொர்ரேய் ஊன் கஃபே." எனக்கு ஒரு காபி வேண்டும். கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு கூட இருக்க?" என்றாள் அண்ணி.

"யாரும் இல்ல அண்ணி. பாடம்."

"குளிக்கிற இடத்துல என்ன பாடம்? உங்க அண்ணனுக்கு நேரமாகுது. முதல்ல வெளிய வா, அப்புறம் கலெக்டர் ஆகலாம்."

பஸ்ஸில் உதட்டோடு சொல்லிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'தயவுசெய்து', 'எனக்குப் புரியவில்லை', 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று தமிழ் அர்த்தத்தையும் சேர்த்து மெல்ல மெல்லச் சொன்னாள். பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அம்மாள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். இறங்கும்போது இவள் தோளைத் தொட்டு, "நீ இவ்வளவு கெஞ்சுறியே, அவன் ஒரு வார்த்தை பேசுறானா பாரு. விட்டுத்தள்ளும்மா. உன் வயசுக்கு வேற ஆளா இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க இவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிரித்ததைச் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பது மாலையில்தான் உறைத்தது. கல்லூரித் தோழிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். அழைத்தால், "இரு, நானே கூப்பிடுறேன்" என்பார்கள். வீட்டில் சொன்னால் முதல் கேள்வி, பஸ்ஸில் எதற்குத் தனியாகப் பேசுகிறாய் என்பதாக இருக்கும்.

கடைசியில் மொட்டை மாடிதான் வாய்த்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். வேலை விட்டு வந்ததும் அங்கே போய் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஈரப் போர்வைகள் முகத்தில் வந்து அறையும். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு நடுவே அந்த ஆண் குரல், நிதானமாக, 'நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்புதான் அவளைப் பிடித்து இழுத்தது. வீட்டில் யாரும் பதிலுக்காகக் கேள்வி கேட்பதில்லை. "சாப்பிட்டியா? எங்க சாப்பிட்டிருக்கப் போற" என்று அம்மாவே இரண்டையும் முடித்துவிடுவாள். வேலையில் கூட்டம் நடக்கும். பசை ஏன் உறைகிறது என்று மேலாளர் கேட்பார். இவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருப்பவர் சொல்லி முடித்திருப்பார், அதுவும் போன வாரம் இவள் அவரிடம் சொன்னதையே. இந்தக் குரலோ கேட்டுவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றது. இவள் தடுமாறினாலும் நின்றது. தப்பாகச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் சரியானதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனது. ஒலிப்பதிவுதானே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதற்குக் காது கிடையாது, இவள் ஊமையாக இருந்தாலும் அது அதே அளவுதான் காத்திருக்கும். தெரிந்தும் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

ஒரு பாடத்தில் ஹோட்டல்காரன் கேட்டான்: நீங்கள் தனியாகவா வந்திருக்கிறீர்கள்?

"ஸீ, ஸோனோ ஸோலா," என்றாள். ஆமாம், நான் தனியாகத்தான் இருக்கிறேன். திரும்பச் சொல்லச் சொன்னது. திரும்பச் சொன்னாள். இன்னும் ஒருமுறை, கொஞ்சம் வேகமாக.

காய்ந்த துணியை எடுக்க வந்த அம்மா போர்வையை விலக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அப்படின்னா என்னடி அர்த்தம்?"

ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஒரு காபி வேணும்னு அர்த்தம்மா," என்றாள்.

"அதுக்கு இவ்வளவு சோகமாவா கேக்கணும்? கீழ வா, போட்டுத் தரேன்." அம்மா துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். சொன்ன மாதிரியே காபியும் போட்டாள். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் அதைக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. 

தொழிற்சாலையில் அவளுக்கு 'இத்தாலி' என்று பேர் விழுந்துவிட்டது. "இத்தாலி, பெல்ட் அறுந்துடுச்சு", "இத்தாலி, உன்னை மேல கூப்பிடுறாங்க". அதிகமாகக் கூப்பிட்டவன் மாப்பிள்ளை. அவனுக்கும் அது பட்டப்பேர்தான்; கல்யாணமான மறுநாளே, கையில் கட்டிய கயிறோடு வேலைக்கு வந்து நின்றவன். இவளோடு ஒரே தகுதி, ஒரே பிரிவு. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கு வேண்டிய முயற்சிகூட எடுக்காதவன்.

"நீயே போய்ட்டு வாம்மா தாயே," என்பான். "எனக்கு அந்தக் குளிரும் ஆகாது, அந்தச் சாப்பாடும் ஆகாது. ரெண்டு நாள் வீட்டுச் சாப்பாடு இல்லன்னா நான் மூணாவது நாள் ஆஸ்பத்திரியில இருப்பேன்."

அதனால் தனக்குப் போட்டியே இல்லை என்று நினைத்தாள்.

மெஷின் வந்தது. பெரிய பெரிய மரப்பெட்டிகளில், பிளாஸ்டிக் சுற்றி, துண்டு துண்டாக. அதைப் பூட்டிக் கொடுக்க அங்கிருந்து ஒரு மெக்கானிக்கும் வந்தார். நல்ல பருமன், காதில் பென்சில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். சுற்றிக் கூட்டம். மேலாளர் இவளைக் கைகாட்டி முன்னால் வரச் சொன்னார்.

"பேசும்மா. உன் ஆள் வந்திருக்கார்."

வணக்கம் சொன்னாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாள். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றாள். மெக்கானிக் முகம் மலர்ந்துபோய்ப் பதில் சொன்னார், இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். இவளுக்குக் காது சூடானது. அந்தத் தொட்டியோரத்து மாலைகள் எல்லாம் ஒரு நொடியில் வசூலாகிவிட்டதுபோல இருந்தது.

அதற்கப்புறம் அவர் மெஷின் மூடியைத் திறந்து, உள்ளே விரலை நீட்டி, கடகடவென்று ஏதோ கேட்டார். இவளுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மறுபடி கேட்டார். பாடத்தில் வந்த ஆண் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை; அவன் அவளுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்பான். இவளால் ரயில் நிலையம் எங்கே என்று கேட்க முடியும். அறையில் ஜன்னல் இருக்கிறதா, காலை உணவு சேர்ந்ததா, எல்லாம் கேட்க முடியும். பசை எந்த அழுத்தத்தில் வர வேண்டும் என்பதற்கு ஒரு பாடத்திலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நோன் கபிஸ்கோ," என்றாள். புரியவில்லை.

அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. "அவ்வளவுதானா? ஸ்டேஷனுக்கு வழி கேட்டு அவரை ஊருக்கு அனுப்பி வெச்சிடு இத்தாலி," என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை சொன்னான். சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. பசைத் தொட்டியைத் தட்டி, "கோல்லா," என்றார். பிறகு அவளைப் பார்த்தபடி நின்றார். "கோல்லா," என்றாள். பெல்ட்டைத் தொட்டு "சிங்கியா" என்றார். "சிங்கியா" என்றாள். உள்ளங்கையில் இடமில்லாதபடி பேனாவால் எழுதிக்கொண்டாள். சாப்பாட்டு வேளைக்குள் கை முழங்கைவரை கறுத்துப் போயிருந்தது.

மெஷின் பூட்டி முடித்து அது முதல் பெட்டியைத் துப்புகிறவரை அவள் அவரை விட்டு நகரவில்லை. அவர் பாதி வார்த்தையாலும் பாதி கையாலும் பேசுவார். இவள் பாடத்தில் படித்ததையும் மெஷினில் தெரிந்ததையும் முடிச்சுப் போட்டுப் பேசுவாள். 'இந்தப் பெல்ட்டுக்கு ஒரு காபி வேண்டும்' என்று சொன்னாள் ஒருமுறை, எண்ணெய் போட வேண்டும் என்பதற்கு வார்த்தை தெரியாமல். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, எண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டினார். அட்டை சாய்ந்து சிக்கியதை அவருக்கு முன்பே இவள் கண்டுபிடித்தாள். பக்கவாட்டுத் தகட்டைத் தளர்த்தி மயிரிழை அளவு நகர்த்தினாள்.  அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவள் வைத்த இடத்திலேயே அடையாளக் கோடு போட்டார்.

கிளம்புகிற அன்று எல்லோர் முன்னாலும் அவர் மேலாளரிடம் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும்படி இவளைப் பார்த்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் மேலாளர்.

இவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததுதான் கஷ்டம். "மெஷினை நல்லாப் பாத்துக்குவாங்கன்னு நம்பிக்கை இருக்காம் சார். அப்புறம்," என்று நிறுத்தினாள்.  "பயிற்சிக்கு இந்தப் பொண்ணை அனுப்புங்கன்னு சொல்றார்."

"அவரா சொன்னார், நீயா சேத்துக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும், நல்ல செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, கூடவே சிரித்தார். அந்த இடத்தில் நடந்தது என்னவென்று தெரிந்து நின்றவள் அவள் ஒருத்திதான். அவரிடம் அதைச் சொல்லவும் அவளிடம் வார்த்தை இல்லை. கையை ஆட்டி வழியனுப்பினாள்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

"பேர் அனுப்பணும்மா. உன் பேர்தான் மேல இருக்கு. அதுக்கு முன்னாடி அப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வா."

"அப்பா எதுக்கு சார்?"

"வெளிநாடு. மாசக்கணக்குல தங்கணும். நீ கல்யாணம் ஆகாத பொண்ணு. நாளைக்கு ஏதாவதுன்னா அவர் வந்து என் கழுத்தைத்தானே பிடிப்பார்? வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது மரியாதை. வேற ஒண்ணும் இல்ல."

பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால்தான் அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார்கள். இவள் ஒருநாளும் மார்க் குறைந்தவள் இல்லை. அதனால் அப்பா பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்ததே கிடையாது. இப்போதுதான் முதல் தடவை.  ஒரு வார்த்தைதானே, அப்பா சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டு ரோஷத்தைப் பார்த்தால் சீட்டுப் போய்விடும்.

அன்று மாலை அப்பாவை மாடிக்கு அழைத்துப் போனாள். அவர் தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அவர் கேப்பார்: பொண்ணை அனுப்புறீங்களான்னு. நீங்க என்ன சொல்லணும்?"

"அனுப்புறேன் சார்."

"அவ்வளவு மெதுவா வேணாம்ப்பா. தைரியமா."

"அனுப்புறேன் சார்." அப்பாவுக்கே சிரிப்பு வந்தது. "என்னடி, எனக்குப் பாடம் எடுக்கிற?"

"தனியா போறாளே, பயம் இல்லையான்னு கேட்டா?"

அப்பா யோசித்தார். இவள் குறுக்கே பேசாமல் விட்டாள்.

"பயம் இல்ல சார். எம்பொண்ணு கெட்டிக்காரி." சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் கொடியில் தொங்கிய தன் சட்டையைச் சரிசெய்தார். "உண்மையாவே பயம் இல்லம்மா. நீ போ. எங்கேயோ போறதுக்குத்தானே படிக்க வெச்சது."

அப்பா அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.   கொடியிலிருந்து அவர் சட்டையை எடுத்து, இஸ்திரி போட மடித்துக்கொண்டாள்.

மேலாளர் அறைக்குள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நுழைந்தார். உட்காரச் சொன்னார் மேலாளர். "பரவாயில்ல சார்" என்றார் அப்பா. மறுபடி சொன்னதும் நாற்காலியின் நுனியில் பாதி உடம்பை வைத்தார். மீதிப் பாதியைக் காலில் தாங்கிக்கொண்டார். டீ வந்தது. அப்பா எடுக்கவில்லை. இவள் பக்கத்து நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள்.

எந்த அதிகாரிக்கு ஓட்டினீர்கள், எந்த வண்டி, எத்தனை வருஷம் என்று மேலாளர் பிரியமாகவே விசாரித்தார். விபத்தே இல்லாமல் ஓட்டினேன் என்று அப்பா சொன்னார். "பின்னால உக்காந்திருக்கிறவர் மனசு தெரிஞ்சா போதும் சார். வேகமாப் போகணுமா மெதுவாப் போகணுமான்னு அவர் வாயால சொல்ல வேண்டியதே இல்ல. கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"அதுதான் அனுபவம்," என்றார் மேலாளர். பேனாவை மூடினார். "சரி. விஷயத்துக்கு வரேன். பொண்ணு கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்ல. ஆனா இவ்வளவு தூரம், தெரியாத தேசம், தனியா. நானும் பொண்ணைப் பெத்தவன். ஒரு அப்பாவா உங்களுக்குக் கஷ்டமாத்தானே இருக்கும்?"

அனுப்புகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. பயமா என்றும் கேட்கவில்லை. மாடியில் சொல்லிக் கொடுத்த பதில் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

அப்பா மேலாளரின் முகத்தைப் பார்த்தார். இவள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். விடுமுறை நாளில் ஒருமுறை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனபோது. கழுத்து அசையாது, கண் மட்டும் கண்ணாடிக்குப் போகும், பின்னால் இருப்பவரின் புருவத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வரும். காலடியில் வேகம் தானாக மாறும்.

"ஆமா சார்," என்றார் அப்பா. "கஷ்டம்தான் சார்."

"பாருங்க."

"நீங்க எது செஞ்சாலும் சரியா இருக்கும் சார். நாங்க என்ன சொல்லப்போறோம்."

"அப்பா," என்றாள். "நேத்து என்ன சொன்னீங்க?"

"சார் பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசாதம்மா." அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, காரில் பேசுவதுபோல, "சார் மனசுல இல்லடா. நாம வற்புறுத்தக் கூடாது," என்றார். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். அவள் வேலையைக் காப்பாற்றிவிட்டதாக. அந்த முகத்தில் துளி வஞ்சகம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பாள்.

மேலாளர் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம். அப்பா 'அனுப்புறேன் சார்' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பேரை எழுதிக்கூட இருப்பார். சொல்லாததில் அவர் முகம் தளர்ந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கஷ்டமான ஒரு வேலையை அடுத்தவர் செய்து முடித்துவிட்டால் வருகிற தளர்ச்சி அது.

"நான் தடுக்கலம்மா. நீயே பாத்துக்கிட்டிருக்க," என்றார் இவளிடம். "பெத்தவங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"மாப்பிள்ளையோட அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்டீங்களா சார்?"

"அவன் எதுக்கு இப்ப?"

"நான் இல்லன்னா அவர்தானே சார் போகப்போறார்."

மேலாளர் மறுக்கவில்லை. "அவன் ஆம்பளை. அவனுக்கு எதுக்கு?"

"அவருக்குக் குளிர் ஆகாதாம் சார். வீட்டுச் சாப்பாடு இல்லன்னா உடம்பு தாங்காதாம். அவங்க வீட்டுலதான் முதல்ல கேக்கணும்."

"ஏய்," என்றார் அப்பா மெதுவாக.

மேலாளர் பெரிய மனசு பண்ணிச் சிரித்தார். "கோபம் வேணாம். உன் உழைப்பு ஒண்ணும் வீணாகாது. அவன் கிளம்பறதுக்குள்ள நீ கத்துக்கிட்ட பாஷையை அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடு. சாப்பாட்டு நேரத்துல உக்காந்தாப் போதும். அங்கிருந்து ஏதாவது புரியலன்னா உனக்குத்தான் போன் பண்ணுவான். ஒரு வகையில நீயும் போன மாதிரிதான்."

அப்பா தலையாட்டினார். "சொல்லிக்குடுப்பா சார். நல்லாவே சொல்லிக்குடுப்பா."

மாடியில் போர்வை முகத்தில் அறைய அறைய, கேட்க ஆள் இல்லாமல், தனியாக இருக்கிறேன் தனியாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. அதைச் சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளைக்கு இரவல் கொடுக்க வேண்டும். அவன் அதை இத்தாலிக்கு எடுத்துக்கொண்டு போவான். போய், பென்சில் வைத்த அந்த மனிதரிடம் பேசுவான்.

 மேலாளர் அவளைப் பார்த்தார், அப்பாவும் பார்த்தார். இரண்டு பேரும் அவளிடம் எதிர்பார்த்தது ஒரே வார்த்தையை. எது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

"முடியாது சார்," என்றாள்.

"என்ன முடியாது?"

"சொல்லிக்குடுக்க முடியாது. வேலையிலயும் இருக்க முடியாது. இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

மேலாளரின் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அப்பாவின் கை பட்டு டீ மேஜைமேல் கொட்டியது. அவர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.

"சார், சின்னப் பொண்ணு சார். வாய்க்கு வந்ததைச் சொல்றா. மனசுல ஒண்ணும் இருக்காது. உக்காரும்மா. சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் எழுந்தாள். இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் என்னென்ன நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் என்ன சொல்வான், அண்ணி யாரிடமெல்லாம் சொல்வாள், அம்மா எத்தனை நாள் பேசாமல் இருப்பாள், எல்லாம் தெரியும். வேறு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இத்தாலி இனி அவள் சொந்தப் பாடு. போக முடிந்தால் போவாள், யாரையும் கூட்டி வந்து கேட்க வைக்காமல். இதையெல்லாம் யோசித்து அவள் முடிவெடுக்கவில்லை. யோசிக்கத் தொடங்கியபோது முடிவு ஏற்கெனவே எடுத்தாகியிருந்தது.

"வாங்கப்பா," என்றாள்.

அப்பா பாதி எழுந்தார். எழுந்தவர், போகலாமா என்று மேலாளர் முகத்தைப் பார்த்தார். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அப்பா அப்படியே நின்றார், நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில், நனைந்த கைக்குட்டையோடு.

அவள் ஒரு மூச்சு அளவு நின்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நடையில் புது மெஷினின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. பின்னால் அறைக்குள் அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை.